கூரை போடாத கார்

மழை வந்தால் அக்கா காரின் கூரையைப் போடமாட்டார். என் கையில் குடையைக் கொடுப்பார்.

"பிடியும் பிள்ளை. எனக்கு வேண்டாம், உமக்குப் பிடியும். என்னட்டைத் தொப்பி இருக்கு."

ஓடுகிற காரில் குடை பிடிப்பது லேசான வேலை இல்லை. அந்தக் கார் மணிக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் போக விரும்பாது என்பதால் மட்டுமே அது நடந்தது. பிராங்பேர்ட்டுக்கு வடக்கே உள்ள மலைப்பாதைகளில், இரண்டு தமிழ்ப் பெண்கள், தொண்ணூறு வயதை நெருங்கும் ஒரு பச்சை நிறக் காரில், குடை பிடித்துக்கொண்டு போவதை ஜெர்மானியர்கள் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். அக்கா அவர்களுக்குக் கை காட்டுவார். குடையை விட்டால் பறந்துவிடும் என்பதால் நான் தலையை மட்டும் ஆட்டுவேன்.

கார் இங்கிலாந்தில் செய்தது. ஸ்டியரிங் வலது பக்கம். ஜெர்மன் சாலையில் அப்படி ஒரு காரை ஓட்டினால் முன்னால் போகும் டிராக்டரைத் தாண்டுவதற்குப் பக்கத்தில் இருப்பவர்தான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த வேலைக்காகத்தான் முதலில் என்னைக் கூட்டிப்போனார். நான் அப்போது திருநெல்வேலியிலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பிராங்பேர்ட்டில் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் வேலை. எஸ்-பான் ரயில் போகும் புறநகர் ஒன்றில், அக்கா வீட்டுக்கு எதிர் வீட்டில் குடியிருந்தேன். ஒருநாள் ஸ்டேஷன் வாசலில் புகை விட்டபடி நின்றிருந்த காரைச் சுற்றி ஒரு கூட்டம். நடுவில், சேலைக்கு மேல் தோல் ஜாக்கெட் போட்ட ஒரு பெண் தெர்மாஸிலிருந்து தேநீர் ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "தமிழோ?" என்றார்.

"ஆமாங்க."

"இந்தியாவோ. சரி, ஏறும். இப்ப வெளிக்கிட்டிடும்."

கார் கிளம்பவில்லை. ஆனால் கொஞ்ச நேரத்தில் பின்னால் ஒரு சாம்பல் நிற நீளக் கார் வந்து நின்றது. அதிலிருந்து ஒல்லியான ஒருவர் இறங்கி, இரண்டு கார்களையும் சேர்த்துக் கயிற்றைக் கட்டினார். அவர் அக்காவின் கணவர்.

அவரைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். விமான நிலையத்தில் சரக்குப் பகுதியில் வேலை பார்த்தார். அக்கா எங்கே போனாலும் தன் காரில் பின்னாலேயே வருவார். அவருடைய காரில் ஹீட்டர் இருந்தது, கூரை இருந்தது, பாட்டுக்கூட இருந்தது. பழைய காருக்கு வேண்டிய டயர், தண்ணீர்க் கேன்கள், கயிறு எல்லாம் அதில்தான் இருக்கும். "நீங்களும் அக்காகூட ஏறி ஒருநாள் வரலாமே அண்ணா?" என்று கேட்டிருக்கிறேன்.

"ரண்டு பேரும் ஒண்டா நிண்டா ஆர் வந்து இழுக்கிறது?" என்றார்.

ஒரு கிராமத்து வைக்கோல் கொட்டகையில் கிடந்த அந்தக் காரைத் தேடிக் கண்டுபிடித்து அக்காவுக்கு வாங்கிக் கொடுத்ததே அவர்தான். அதை அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

வாங்கியதற்குக் காரணம் சில படங்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் அக்கா வீட்டில் படம் ஓடும். எல்லாம் பழைய இங்கிலாந்துச் சிரிப்புப் படங்கள்; எல்லாவற்றிலும் அவற்றைவிடப் பழைய கார்கள். இரண்டு நண்பர்கள் பந்தயம் கட்டிக்கொண்டு கடற்கரைக்குக் கிளம்புவார்கள். ரேடியேட்டர் கொதிக்கும், ஆட்டு மந்தை குறுக்கே வரும், ஒருத்தன் இன்னொருத்தனின் பெட்ரோலில் தண்ணீர் கலப்பான், கடைசியில் இரண்டு காரையும் ஒரே குதிரை இழுத்துக்கொண்டு வரும். அக்கா எல்லாவற்றையும் பலமுறை பார்த்தவர். ஆனாலும் ஆட்டு மந்தை வருவதற்கு முன்பே சிரிக்கத் தொடங்கிவிடுவார். சிரித்துச் சிரித்துச் சோபாவிலிருந்து கீழே இறங்கித் தரையில் உட்கார்ந்துவிடுவார்.

தொலைக்காட்சியில் முதலில் பார்த்தது ஜெர்மனில் டப்பிங் செய்த படங்களை என்பதால் அவர் வாங்கி வைத்திருந்ததும் அவையேதான். மீசை வைத்த ஆங்கிலக் கனவான்கள் அதில் சுத்தமான ஜெர்மனில் கோபப்படுவார்கள். ஒருமுறை நான் ரிமோட்டை வாங்கி அசல் ஆங்கிலத்துக்கு மாற்றினேன். அக்கா கொஞ்ச நேரம் முகத்தைச் சுளித்தபடி கேட்டார்.

"உது சரிவராது பிள்ளை. இவை டொச் கதைக்கிற ஆக்கள்," என்று திருப்பி ஜெர்மனுக்கே மாற்றிவிட்டார்.

எனக்கு அந்தப் படங்கள் முதலில் பெரிதாகப் பிடிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். யாருக்கும் ஒன்றும் ஆகாத கதைகள். கொஞ்ச நாள் போனபிறகுதான் அதுவே அவற்றின் அழகு என்று பட்டது. வெயில், பச்சை வயல், வளைந்து வளைந்து போகும் சின்ன சாலை. அதில் ஒரு கார் பழுதாகி நிற்பதுதான் அந்த உலகத்தில் நடக்கக்கூடிய மிகப் பெரிய துன்பம். வழியில் போகிற போலீஸ்காரர்கூடச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தள்ளுவார்.

அந்தப் படங்களில் மழை பெய்தால் மட்டும் எல்லோரும் கூரையைப் போட்டுவிடுவார்கள். அக்கா போடமாட்டார்.

முதலில் கார்ப் பைத்தியம் என்று நினைத்தேன். பிறகு வேறு சிலவும் கண்ணில் பட்டன. வீடு நான்காவது மாடியில் இருந்தும் அக்கா லிஃப்டில் ஏறியதில்லை. அவர் வேலை செய்த முதியோர் இல்லத்திலும் படிதான். பிராங்பேர்ட் நகரத்துக்குள் எஸ்-பான் சுரங்கத்தில் இறங்குவதற்கு முந்தைய நிறுத்தத்திலேயே இறங்கி டிராம் பிடிப்பார். வீட்டில் கழிப்பறைக் கதவு ஒரு விரற்கடை திறந்துதான் இருக்கும். உள்ளே இருந்து பாடுவார், ஆள் இருக்கிறது என்று நமக்குத் தெரிவதற்காக.

ஒரு மார்ச் மாதம் ஆலங்கட்டி மழையில் போலீஸ் எங்களை நிறுத்தியது. வண்டியிலிருந்து இறங்கிய பெண் போலீஸ் காரையே ஒரு சுற்றுச் சுற்றி வந்து, இந்தக் காருக்குக் கூரை கிடையாதா என்று கேட்டார்.

"இருக்கு," என்றார் அக்கா ஜெர்மனில். "வீட்டில் பத்திரமாக இருக்கிறது."

என் தலையில் ஐஸ் விழுந்துகொண்டிருந்தது. வீட்டுக்கு வந்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏங்க்கா, ஒரு டார்ப்பாலினை எடுத்து மூடுறதுல என்ன கஷ்டம்? ரெண்டு பேருக்கும் ஜுரம் வரப்போகுது," என்றேன். அக்கா துவாலையை எடுத்து என் தலையைத் துவட்டிவிட்டார். இஞ்சி போட்டுத் தேநீர் வைத்தார். படத்தையும் போட்டார். திரையில் ஒரு சிவப்புக் கார், இரண்டு பக்கமும் வேலி வைத்த சாலையில், கடலைப் பின்னால் விட்டுவிட்டு மேடு ஏறிக்கொண்டிருந்தது.

"உந்த ரோட்டால நானும் போனனான் பிள்ளை," என்றார். "ஒண்டும் காணேல்லை."

அக்காவின் அண்ணன் இலங்கையில் சண்டை தொடங்குவதற்கு முன்பே லண்டனுக்குப் படிக்கப் போனவர். அக்கா பிறகு, கிழக்கு பெர்லின் வழியாக ஜெர்மனிக்குள் வந்தவர். அண்ணனிடம் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்பதுதான் யோசனை. ஏற்பாடு செய்தவர்கள் அவரை ஒரு வெங்காய லாரியில் ஏற்றினார்கள். மூட்டைகளுக்கு நடுவில் ஆள் மடங்கி உட்காருகிற அளவுக்கு ஓர் இடம். மேலே பலகை, அதற்கு மேல் தார்ப்பாய். கப்பலில் ஏறியதும் இறங்கியதும் சத்தத்தை வைத்துத்தான் தெரியும். கப்பலிலிருந்து இறங்கிய பிறகு லாரி மேடு ஏறியது, வளைந்தது, வேகமாகப் போனது. இங்கிலாந்து வந்துவிட்டது என்று இருட்டுக்குள் சிரித்தாராம். பிறகு லாரி நின்றது. பலகையைத் தூக்கியபோது வெளிச்சத்தில் தெரிந்தவை சீருடைகள்.

"ஒரு அறையில வைச்சிருந்தவை. யன்னல் இருந்தது, எட்டாத உயரத்தில. அடுத்த நாள் கப்பல் ஏத்தி அனுப்பிப்போட்டினம். இங்கிலாந்தில நான் கண்டது ஒரு அறையின்ரை சீலிங்கும் வெங்காய மணமும்தான்."

"அண்ணன்?"

"லொறி வந்து நிக்கும் எண்டு சொன்ன இடத்தில ரண்டு நாள் நிண்டவராம்."

திரையில் சிவப்புக் கார் நின்றுவிட்டது. ஓட்டியவன் இறங்கி அதை உதைத்தான். அக்கா சிரிக்கவில்லை.

"இந்தப் படங்களில ஒருத்தரும் ஒளிச்சுப் போறேல்லை, பாத்தனீரோ? எல்லாரும் எல்லாரையும் கண்டுகொண்டு போகினம்."

அதற்குப் பிறகு நான் கூரையைப் பற்றிப் பேசவில்லை. நல்ல ரெயின்கோட் ஒன்று வாங்கிக்கொண்டேன்.

திருப்பி அனுப்பப்பட்ட பிறகு அக்கா ஜெர்மனியிலேயே தங்கி, ஜெர்மன் பிரஜையும் ஆகிவிட்டார். பிராங்பேர்ட்டில் இருக்கிற நம்மவர்கள் கல்யாணம், பெண் பிள்ளைகளின் சாமத்தியச் சடங்கு, சேலை வாங்குவது என்று எதற்கெடுத்தாலும் லண்டனுக்கு விமானத்தில் போய்வருவார்கள். அக்கா ஒருமுறைகூடப் போனதில்லை. அண்ணன்தான் வருடா வருடம் இங்கே வருவார். அவர் கூப்பிடும்போதெல்லாம் அக்காவிடமிருந்து ஒரே பதில்: "நான் வந்தா ரோட்டாலதான் வருவன்." ஒவ்வொரு வருடமும் அடுத்த வருடம் என்பார். கார் தாங்காது, வேலையில் லீவு இல்லை என்று காரணம் வரும். பயம் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

அந்த வருடம் அண்ணனால் வர முடியவில்லை. சிறுநீரகம் செயலிழந்து, வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். அவர் இனிப் பயணம் போக முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். செய்தி வந்த அன்று மாலை, அக்கா கீழே கார் நிற்கிற இடத்துக்குப் போய் ஸ்டியரிங்குக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார். சொந்தக்காரர்கள் எல்லோரும் பிளேனில் போகச் சொன்னார்கள்.  கணவர் இரண்டு புது டயர் வாங்கி வந்தார்.

என்னைக் கூப்பிட்டார்கள். இடது பக்கம் இருந்து சாலையைப் பார்க்க ஆள் வேண்டும். எனக்கு ஆங்கிலமும் தெரியும். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு இங்கிலாந்து விசா எடுத்துக்கொண்டு, ஜூன் மாதத்தில் கிளம்பினோம். ஆட்டோபான் என்கிற அதிவேகச் சாலையைத் தொடவே இல்லை. சின்னச் சாலைகளில் பெல்ஜியம் வரை போய் அங்கே ஒரு விடுதியில் தங்கினோம். வழியெல்லாம் பின்னால் சாம்பல் நிறக் கார், எச்சரிக்கை விளக்கைச் சிமிட்டிக்கொண்டு. பச்சைக் கார் இரண்டு முறை கொதித்தது, ஒருமுறை பெல்ட் அறுந்தது. அக்கா ஒவ்வொரு முறையும் பாய் விரித்து இடியப்பமும் சம்பலும் பரிமாறினார். ஆனால் பிரான்சின் கலே துறைமுகத்தின் பெயர் சாலைப் பலகைகளில் தென்பட ஆரம்பித்ததும் பேச்சு குறைந்துவிட்டது. 

இங்கிலாந்து அதிகாரிகள் பிரான்ஸ் கரையிலேயே சோதனை செய்வார்கள். எங்களுக்குப் பக்கத்து வரிசைகளில் லாரிகள், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. முகமெல்லாம் புள்ளி விழுந்த ஓர் இளைஞன் வந்தான். பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்து, தினமும் ஆயிரம் முறை கேட்கிற குரலில் கேட்டான்: "வாகனத்துக்குள் வேறு யாராவது இருக்கிறார்களா?"

அக்கா பின்னால் திரும்பிப் பார்த்தார். அங்கே சாப்பாட்டுக் கூடை மட்டும் இருந்தது. மேலே வானம். அவனும் பார்த்தான். அவன் முகம் சிவந்தது. "கேட்க வேண்டிய கேள்வி, மேடம்," என்றான்.

"கேளுங்கள். அது உங்கள் வேலை," என்றார் அக்கா. எனக்குத் தெரிந்து முதல் தடவையாக அவர் ஆங்கிலத்தில் பேசினார். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். பேசிப் பார்த்து வைத்திருந்தவர் போல இருந்தது. "அந்த லாரிகளைச் சீக்கிரம் பாருங்கள். வெயில் அதிகம். உள்ளே யாராவது இருந்தால் மூச்சுவிட முடியாது."

"பார்க்கிறோம், மேடம்."

"ஆளைப் பிடித்தால் முதலில் தண்ணீர் கொடுங்கள். கேள்வி பிறகு. எனக்கு உங்கள் ஆள் ஒருவர் கொடுத்தார். இன்னும் நினைவிருக்கிறது."

நான் காலுக்குக் கீழே பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் முடிந்தது, திருப்பி அனுப்பப்போகிறார்கள் என்றே நினைத்தேன். அந்த இளைஞன் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அக்காவையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு அதை மூடிக் கொடுத்தான். "கொடுப்பேன்," என்றான். அவ்வளவுதான். எங்களை அனுப்பிவிட்டு அவன் நேராக லாரி வரிசைப் பக்கம் நடந்து போனான்.

எங்களுக்குப் பின்னால் வந்த கணவரைத்தான் நெடுநேரம் நிறுத்தி வைத்தார்கள். டயர், கேன், கயிறு என்று ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்தார்கள். அடியில் மடித்து வைத்திருந்த தார்ப்பாய் என்ன என்று கேட்டார்களாம். "என்ரை மனிசியின்ரை காரின்ரை கூரை," என்று சொல்லியிருக்கிறார். பிறகு ஏன் அது உங்கள் காரில் இருக்கிறது என்ற கேள்விக்கு அவரால் ஆங்கிலத்தில் பதில் சொல்ல முடியவில்லை.

கப்பலில் கடலைக் கடந்து, டோவரில் இறங்கி மேடு ஏறும்போது கார் வழக்கம்போலக் கொதித்தது. புல்லில் உட்கார்ந்தோம். படத்தில் வருகிற சாலை இல்லை அது. நான்கு வழிப்பாதை, லாரிகள் இரைந்துகொண்டு போயின. "படத்துல மாதிரி இல்லையேக்கா," என்றேன்.

"இல்லைத்தான்," என்றார். "ஆனா காணுறன்."

இன்ஜின் ஆறிய பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. நானும் கணவரும் அவசரப்படுத்தவில்லை.

லண்டனில் அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் உறங்கிவிட்டிருந்தார். அடுத்த நாள் காலையில்தான் தங்கையைப் பார்த்தார். உடம்பு பாதியாகிவிட்டிருந்தது, குரல் மட்டும் அப்படியே. காரைச் சுற்றி நடந்து பார்த்தார், அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு.

"உதிலயோ வந்தனி?"

"ஓம்."

"விசரி," என்று செல்லமாகத் திட்டினார்.

கணவர் அவரைத் தூக்கி முன் இருக்கையில் வைத்தார். நானும் கணவரும் சாம்பல் நிறக் காரில் பின்னால் வந்தோம். ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறார்கள் என்று நினைத்தேன். டயாலிசிஸ் நாள் அது இல்லை என்று கணவர் சொன்னார். கார் வீடுகளைத் தாண்டிப் பெரிய சாலைக்கு வந்து, ஒரு சூப்பர் மார்க்கெட்டின் கார் நிறுத்தும் இடத்தில் நுழைந்தது. முன்பு அது லாரிகள் தங்குகிற திடலாம்; அண்ணன் அந்த இரண்டு நாள் காத்து நின்றது அங்கேதானாம். மூலையில் ஒரு விளக்குக் கம்பத்தைக் காட்டி அண்ணன் ஏதோ சொன்னார். அக்கா காரை அங்கே கொண்டுபோய் நிறுத்தி, எங்களுக்குக் கை காட்டினார். கணவர் இறங்கிப் போய் அண்ணனைத் தூக்கிக் கீழே நிறுத்தினார். அண்ணன் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அக்கா அவரை அங்கேயே விட்டுவிட்டுக் காரைத் திருப்பி, வெளியே ஓட்டிப் போய்விட்டார்.

எனக்குப் புரியவில்லை. "எங்க போறாங்க?" என்று கேட்டேன்.  தள்ளுவண்டிகளை அடுக்கிக்கொண்டிருந்த கடைப் பையன் வந்து, ஐயாவுக்கு உட்கார நாற்காலி வேண்டுமா என்று கேட்டான். அண்ணன் வேண்டாம் என்று தலையாட்டினார். அவர் கண் பெரிய சாலையிலேயே இருந்தது.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். தூரத்திலேயே கேட்டது. பச்சைக் கார் பெரிய சாலையிலிருந்து திரும்பி, அக்காவின் வலது கை வெளியே நீண்டு சைகை காட்ட, நுழைவாயில் வழியாக உள்ளே வந்தது. வெயில் முழுவதும் அக்கா மேல் இருந்தது. மெதுவாக, மிக மெதுவாக வந்து, அண்ணனுக்கு முன்னால் நின்றது.

அக்கா இன்ஜினை நிறுத்தினார். இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலேயே வைத்துக்கொண்டு அண்ணனைப் பார்த்தார்.

"பிந்திப்போச்சு, அண்ணை."

  அண்ணன் கம்பத்தை விட்டுவிட்டு ஓர் அடி முன்னால் வைத்து, காரின் கதவைத் தானே திறந்தார்.

"பரவாயில்லை," என்றார். "இறங்கு. உள்ளுக்கை தேத்தண்ணிக் கடை ஒண்டு இருக்கு."